முப்பதாம் நாள் பூசையில் மக்கபேயர் வாசகம்: அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

நாசரேத்துப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நாசரேத் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில் ஒரு ஆர்.சி. குடும்பத்தில். கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகச் சத்தம் வந்திருக்கிறது.

என் மாமனார் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். முதல் வாசகம் மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். ஆர்.சி. வேதாகமத்தில் உண்டு, எங்கள் வேதாகமத்தில் இல்லாத நூல் அது. மதினிதான் வாசித்தார். போரில் செத்த வீரர்களுக்காக யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளிக் காசு திரட்டி, பாவப் பரிகாரப் பலி கொடுக்கச் சொல்லி எருசலேமுக்கு அனுப்புகிறார் அல்லவா, அந்தப் பகுதி. அப்பா எங்கே போனாலும் தன் வேதப்புத்தகத்தோடுதான் போவார். பின்வரிசையில் உட்கார்ந்து மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். இறந்தவர்களின் ஆத்துமா மோட்சத்துக்கு முன் சுத்தமாகும் நிலை என்று ஆர்.சி. சபை சொல்கிறதே உத்தரிக்கிற ஸ்தலம், அதைப் பற்றித்தான். "உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வேதத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஒரு புத்தகத்தையே கூடச் சேர்த்துக்கொண்டீர்களே மாப்பிள்ளை" என்றார். என் வீட்டுக்காரர், "நாங்கள் சேர்க்கவில்லை மாமா, நீங்கள்தான் கிழித்துவிட்டீர்கள். வேதத்தில் எந்தெந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது? அதைச் சொன்னது திருச்சபைதானே" என்றார். அப்பா உடனே 2 தீமோத்தேயு 3:16, வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று. இவர் 2 தெசலோனிக்கேயர் 2:15, வாய்மொழியாகப் போதித்ததையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாரே பவுல் என்று. அப்பா மாற்கு 7, மனுஷருடைய பாரம்பரியத்தை இயேசு கண்டித்தாரே என்று. அத்தை மோர் ஊற்ற வந்ததால் அத்தோடு நின்றது.

எனக்கு இரண்டு கேள்வி. உண்மையில் யார் சேர்த்தார்கள், யார் எடுத்தார்கள்? பட்டியல் போட்டது சபை என்றால் சபை வேதத்துக்கு மேலே என்று ஆகிவிடுமா? யாரும் ஜெயிக்க வேண்டாம், எனக்குப் புரிந்தால் போதும். தயவுசெய்து மாதா பக்கம் யாரும் போகாதீர்கள்.

ஜீவ அப்பம் எழுதியது:

சகோதரி, வெளிப்படுத்தின விசேஷம் 22:18. ஒருவன் இவைகளோடே எதையாகிலும் கூட்டினால் தேவன் வாதைகளை அவன்மேல் கூட்டுவார். நம் வேதாகமத்தில் உள்ள 66 நூல்கள் போதும். யூதர்களே ஏற்காத புத்தகத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

உப்பளக் காற்று எழுதியது:

அந்த வசனம் அந்த ஒரு தீர்க்கதரிசனப் புத்தகத்தைப் பற்றியது அண்ணே. உபாகமம் 4:2இலும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அதை நீங்கள் சொல்கிற மாதிரி எடுத்தால் மோசேயோடு கடையை மூடியிருக்க வேண்டும்.

பழைய சரித்திர வாத்தியார் எழுதியது:

மகளே, நான் தரங்கம்பாடி லூத்தரன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் வீட்டுக்காரி வேளாங்கண்ணிப் பக்கத்து ஆர்.சி. ஆகவே உங்கள் வீட்டுப் பந்தி எனக்குப் பழகிய பந்திதான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் அப்பாவும் வீட்டுக்காரரும் பேசியதை 1519லேயே இரண்டு பேர் பேசிவிட்டார்கள், அதுவும் இதே மக்கபேயர் 12ஐ வைத்து. ஜெர்மனியில் லைப்சிக் நகரம், பிளைசன்பர்க் கோட்டை. ஒரு பக்கம் எங்கள் லூத்தரன் சபைக்குப் பேர் கொடுத்த சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர், எதிர்ப்பக்கம் யோகான் எக் என்ற இறையியல் பேராசிரியர். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது எக் இந்தப் பகுதியை எடுத்துப் போட்டார். வேடிக்கை என்னவென்றால் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று லூத்தரும் அப்போது நம்பிக்கொண்டுதான் இருந்தார். அதை வேதத்திலிருந்து நிரூபிக்க முடியாது என்பதுதான் அவர் கட்சி. மக்கபேயர் திருமுறையில், அதாவது வேதம் என்று ஏற்ற நூல்களின் பட்டியலில், சேராத நூல், விசுவாசிக்கு அதனால் பயனுண்டு, எதிர்த்து நிற்கிறவனை மடக்க அது போதாது என்றார். திருச்சபை ஏற்றுக்கொண்ட நூல் என்பது எக்கின் பதில்.

தனக்கு வலித்த இடத்தில்தான் லூத்தர் இந்தக் கேள்வியை எழுப்பினார் என்று கத்தோலிக்கர்கள் சொல்வார்கள். லூத்தரனாக இருந்தும் சொல்கிறேன், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கேள்வி அவர் கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எரோனிமுஸ் கேட்ட கேள்வி. வேதத்தை லத்தீனில் பெயர்த்த அதே எரோனிமுஸ். எபிரேயத்தில் இருக்கிற நூல்களே திருமுறை, மற்றவை வெளியே என்று முன்னுரையில் எழுதிவைத்தார். அதே காலத்தில் வாழ்ந்த ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் அதை ஒப்பவில்லை. வட ஆப்பிரிக்காவில் 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாவற்றையும் சேர்த்தே பட்டியல் போட்டார்கள். அப்புறம் ஆயிரம் வருஷம் நடைமுறையில் அகுஸ்தீன் பட்டியல்தான் ஓடியது. எரோனிமுசின் சந்தேகமும் படித்தவர்கள் மத்தியில் சாகாமல் இருந்தது. 1518இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரை உட்காரவைத்து விசாரித்தாரே கர்தினால் கயத்தான், பாப்பரசரின் ஆள், அவரே பிற்பாடு 1532இல் எரோனிமுசின் அளவுகோலைத்தான் பிடிக்க வேண்டும் என்று எழுதினார். இந்த ஒரு விஷயத்தில் விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒரே கட்சி!

இப்போது உன் முதல் கேள்வி. லூத்தர் எதையும் கிழித்துப் போடவில்லை. 1534இல் வந்த அவருடைய முழு ஜெர்மன் வேதாகமத்தில் இந்த நூல்கள் இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. வேதத்துக்குச் சமம் அல்ல, ஆனால் படிக்க நல்லவை, பயனுள்ளவை என்று தலைப்பு. 1611இன் கிங் ஜேம்ஸ் வேதாகமத்திலும் உண்டு. உங்கள் நாசரேத் பழைய எஸ்.பி.ஜி. மிஷன், அதாவது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை) வேர். ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களில் ஆறாவதை உன் அப்பாவுக்குக் காட்டு. எரோனிமுசின் பேரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்: வாழ்க்கைக்கு முன்மாதிரியாகச் சபை இவற்றை வாசிக்கிறது, உபதேசத்தை நிலைநாட்ட இவற்றைப் பயன்படுத்துவதில்லை. கவனி, சபை வாசிக்கிறது!

அப்படியானால் காணாமல் போனது எப்போது? சீர்திருத்த சபைகளில், ஜெனீவா சீர்திருத்தக்காரர் கால்வினின் வழிக்காரர்கள், குறிப்பாக ஸ்காட்லாந்துக்காரர்கள், இவற்றை ஒட்டவே விரும்பவில்லை. அவர்கள் நெருக்கியதில் லண்டனில் இருந்த பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826இல் இனி இந்த நூல்களை அச்சிடுவதில்லை என்று முடிவெடுத்தது. மிஷன் தேசங்களுக்கெல்லாம் மலிவு விலையில் வேதாகமம் அனுப்பியது அந்தச் சங்கம்தான். உன் அப்பா கையில் உள்ள புத்தகத்தில் மல்கியாவுக்கு அடுத்த பக்கம் மத்தேயு வருவதற்கு லூத்தரைவிட லண்டன் கமிட்டிதான் நேரடிக் காரணம்.

சேர்த்தார்கள் என்பதும் சரியில்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1546 ஏப்ரல் 8இல் இந்தப் பட்டியலை ஏற்காதவன் விலக்கப்பட்டவன் என்று தீர்ப்புச் சொன்னது. லூத்தர் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அது புதுப் பட்டியல் இல்லை. 1442இலேயே புளோரன்ஸ் சங்கத்தில் அதே நூல்கள் வந்துவிட்டன, கார்த்தேஜில் அதற்கும் முன்னால். திரிதெந்து செய்த புது வேலை, கயத்தானைப் போன்றவர்கள் நின்றிருந்த இடைவெளியை அடைத்தது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது. வீட்டுக்காரர் சொன்னது அகுஸ்தீனின் வாதம். கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரம் என்னை அசைத்திராவிட்டால் நற்செய்தியை நான் நம்பியிருக்க மாட்டேன் என்று அவர் மானிக்கேயர் என்ற பிரிவினருக்கு எதிராக எழுதினார். கால்வின் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: வேதம் தனக்குத்தானே சாட்சி, கறுப்பையும் வெள்ளையையும் கண்ணே பிரித்தறிவதுபோல விசுவாசி பரிசுத்த ஆவியின் துணையால் அதை அறிந்துகொள்வான் என்று. ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பதில் போதும். பட்டியல் போட உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போதுமா என்று எனக்குச் சந்தேகம். லூத்தரையே பாரேன். 1522இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் எண்கூடக் கொடுக்கவில்லை. வேதம் தானாகவே தன்னைக் காட்டிக்கொள்ளும் என்றால் எங்கள் லூத்தருக்கே ஏன் தெரியவில்லை? நமக்கு யாக்கோபு நிருபம் கிடைத்ததற்குச் சபை அவர் பேச்சைக் கேட்காததுதான் காரணம்.

அதற்காகச் சபை மேலே, வேதம் கீழே என்று ஆகாது. பிறப்புச் சான்றிதழ் எழுதும் நகராட்சி எழுத்தர் பிள்ளையைப் பெற்றவர் ஆகிவிடுவாரா? இதை ரோமாபுரியும் மறுக்கவில்லை. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம், திருச்சபை பிற்பாடு தன் அதிகாரத்தால் அங்கீகரித்ததால் இந்த நூல்கள் பரிசுத்தமானவை அல்ல, கடவுளே ஆசிரியராக இருப்பதால் பரிசுத்தமானவை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆக, வீட்டுக்காரர் அந்த வாதத்தை இழுக்கிற தூரத்துக்கு அவருடைய திருச்சபையே இழுக்கவில்லை.

நிஜமான சண்டை பட்டியலில் இல்லை. ஒரே வசனத்தை இரண்டு பேர் படித்து இரண்டு அர்த்தம் சொன்னால் தீர்ப்பு யாருடையது என்பதில் இருக்கிறது. லைப்சிக்கில் எக் கெட்டிக்காரத்தனமாக அங்கேதான் லூத்தரைக் கொண்டுபோய் நிறுத்தினார். நூறு வருஷத்துக்கு முன் கொன்ஸ்தான்ஸ் சங்கம் யான் ஹுஸ் என்ற போதகரைக் கண்டித்துச் சுட்டெரித்திருந்தது. நீ சொல்வது ஹுஸ் சொன்னது மாதிரியே இருக்கிறதே என்றார் எக். ஹுஸ் சொன்னவற்றில் சில நல்ல கிறிஸ்தவ உபதேசம்தான் என்று லூத்தர் வாயைவிட்டார். அப்படியானால் பொதுச்சங்கமும் தவறியிருக்கிறது என்று ஆகிறது. அங்கே உட்கார்ந்திருந்த ஜார்ஜ் பிரபு, கொள்ளைநோய் வாரிக்கொண்டு போக என்று சபித்தாராம். அதுவரை பாப்பரசரை மட்டும் கேள்வி கேட்டவர், அன்றைக்குச் சங்கத்தையும் கேள்வி கேட்டவராகிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து வோர்ம்ஸில் பேரரசர் முன்னால் அதையே சொன்னார்: பாப்பரசரும் சங்கங்களும் பலமுறை தவறியிருக்கிறார்கள், தமக்குத்தாமே முரண்பட்டிருக்கிறார்கள், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என்னை மடக்குங்கள்.

இதில் நான் லூத்தர் கட்சி. ஹுஸை எரித்தது சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தக் கட்சிக்கு உள்ள கஷ்டமும் எனக்குத் தெரியும். 1529இல் மார்பர்க்கில் லூத்தரும் சூரிக் நகரச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கும் வேதம் மட்டுமே போதும். பதினைந்து விஷயத்தில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். "இது என் சரீரம்" என்ற ஒரே வசனத்தில் உடைந்தது. லூத்தர் அந்த வசனத்தை மேஜைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு ஒரு அடிகூட நகரவில்லை. தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. அவர்களுக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

நம் கரைக்கும் இது பழைய வழக்குதான். 1706இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் எங்கள் ஊரில் வந்து இறங்கினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. வீரமாமுனிவர் லூத்தரன்களை மறுத்து 1728இல் வேத விளக்கம் எழுதினார். எங்கள் ஆட்களின் தமிழையும் சேர்த்தே கிண்டல் செய்தார். உபதேசத்தில் அவரோடு வாதாடலாம். தமிழ் விஷயத்தில் எங்களுக்கு வாதாட வழியில்லை.

ஜீவ அப்பம் எழுதியது:

வாத்தியார் ஐயா, வரலாறு சரி. ஆனால் அந்த அதிகாரத்தை முழுக்கப் படித்தீர்களா? செத்த வீரர்களின் உடுப்புக்குள் யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்து இருந்தது என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் செத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. விக்கிரக ஆராதனை ஆர்.சி. உபதேசப்படி சாவான பாவம். சாவான பாவத்தோடு போனவனுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாதே? அவர்கள் ஆதாரம் அவர்களுக்கே உதவவில்லை.

பழைய சரித்திர வாத்தியார் எழுதியது:

இது நல்ல கேள்வி தம்பி. முதலில் எழுதிய வசனத்தைவிட நூறு மடங்கு நல்ல கேள்வி. ஆர்.சி. நண்பர்கள் யாராவது பதில் சொல்லட்டும்.

முன்னாள் குருமடத்தான் எழுதியது:

நான் சொல்கிறேன். குருமடத்தில் தத்துவம் முடித்து வெளியே வந்தவன், இப்போது பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன்.

அண்ணே, அந்த நூலாசிரியர் அவர்களைப் பக்தியோடு துயில்கொண்டவர்களாகவே பார்க்கிறார். கடைசி நேரத்தில் அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உத்தரிக்கிற ஸ்தலம் என்ற உபதேசம் முழுசாக அந்த ஒரு பகுதியில் இருக்கிறது என்று நாங்கள் சொல்வதில்லை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இறந்தவர்களுக்காக மன்றாடிய யூதர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. நூலைத் திருமுறை இல்லை என்று தள்ளினாலும் அந்தச் சாட்சி போகாது.

அதனால்தான் ஆதாரத்துக்காகப் புத்தகம் சேர்த்தார்கள் என்று அக்காவின் அப்பா சொன்னது வரலாற்றில் நிற்காது. அகுஸ்தீனின் அம்மா மோனிக்கா 387இல் ஓஸ்தியாத் துறைமுகத்தில் சாகக் கிடந்தபோது, என் உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார். ஹிப்போவில் பட்டியல் போடுவதற்கு முன்பு நடந்தது இது. அந்த அம்மா மக்கபேயர் வசனத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. பழக்கம் அப்படி இருந்தது. மரபு என்று நாங்கள் சொல்வது முக்கால்வாசி இதைத்தான். யாரோ ரகசியமாகக் காதில் ஓதிய உபதேசப் பட்டியல் எங்களிடம் இல்லை.

திரிதெந்தைப் பற்றி வாத்தியார் ஐயா விட்ட ஒரு விஷயம். முதலில் எழுதிய வரைவில், வெளிப்பாடு ஒரு பகுதி எழுதிய நூல்களிலும் மறுபகுதி எழுதாத மரபுகளிலும் இருப்பதாக இருந்தது. சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. சர்வைட் என்ற துறவற சபையின் தலைவர் பொனுச்சி, நற்செய்தியின் உண்மை முழுவதும் வேதத்தில் இருக்கிறது என்று எழுந்து பேசினார். கடைசித் தீர்மானத்தில் அந்தப் பங்கு பிரிப்பு இல்லை, எழுதிய நூல்களிலும் எழுதாத மரபுகளிலும் என்று மட்டும் நின்றது. அதற்குப் பிறகு நானூறு வருஷம் எங்கள் ஆட்களே பலபேர் பாதி இங்கே பாதி அங்கே என்றுதான் பாடம் நடத்தினார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்றது. திருச்சபையின் ஆசிரியம், அதாவது போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேலே இல்லை, அதற்குப் பணிவிடை செய்கிறது என்றும் அதே ஏட்டின் 10ஆம் எண்ணில் இருக்கிறது. அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்கள் தரப்புப் பதில் அந்த ஒரு வரிதான். ஆனால் அதே எண்ணில், இறைவார்த்தைக்கு அதிகாரத்தோடு விளக்கம் சொல்லும் பொறுப்பு அந்த ஆசிரியத்துக்கு மட்டுமே என்றும் இருக்கிறது. லூத்தரன்கள் முகம் சுருங்குவது அங்கேதான்.

பழைய சரித்திர வாத்தியார் எழுதியது:

முகம் சுருங்கத்தான் செய்கிறது! பணிவிடைக்காரன்தான், ஆனால் எஜமான் சொன்னதற்கு அர்த்தம் அவன் ஒருவனே சொல்வான் என்றால் எஜமானுக்கு எப்போது பேச வாய்ப்பு? 1950 நவம்பர் 1இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மாதா உடலோடு விண்ணேற்றம் ஆனதை விசுவாச சத்தியமாக அறிவித்தார். (மகள் மாதா பக்கம் போகாதே என்றாள். இது மாதாவைப் பற்றி அல்ல, அதிகாரத்தைப் பற்றி.) வேதத்தில் நேரடி வசனம் இல்லை. முதல் நூற்றாண்டுகளின் சாட்சியும் மெல்லியது. அந்த நிலையில் வேதம் ஆசிரியத்தைத் திருத்த வழி எங்கே இருக்கிறது?

இன்னொன்று, ஹுஸை எரித்த அதே கொன்ஸ்தான்ஸ் சங்கம் 1415 ஏப்ரலில், பாப்பரசரும் சங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1870இல் வத்திக்கான் சங்கமோ பாப்பரசரின் தீர்ப்பு, திருச்சபையின் சம்மதம் இல்லாமலே, தன்னிலேயே மாற்ற முடியாதது என்றது. ஆக, விளக்கம் சொல்கிறவரின் வார்த்தைக்கே விளக்கம் தேவைப்படுகிறது. எங்களுக்கு நடுவர் இல்லை என்பது வாஸ்தவம். உங்கள் நடுவருக்கும் உரையாசிரியர் வேண்டியிருக்கிறது.

முன்னாள் குருமடத்தான் எழுதியது:

கொன்ஸ்தான்ஸுக்குப் பதில் உண்டு ஐயா. அப்போது மூன்று பேர் நான்தான் பாப்பு என்று உட்கார்ந்திருந்தார்கள். வீடு எரிகிறபோது போட்ட தீர்மானம் அது. அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று எங்கள் வரலாற்றாசிரியர்களே இன்னும் வாதாடுகிறார்கள், மறைக்கவில்லை. விண்ணேற்புக்கு, நியூமன் என்ற ஆங்கில இறையியலாளர் சொன்ன வளர்ச்சிதான் எங்கள் பதில்: உபதேசம் காலத்தோடு விரியும், விதையில் இல்லாதது மரத்தில் வராது. 1845இல் அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து எங்களிடம் வந்துவிட்டார். எல்லா வளர்ச்சியும் சரியான வளர்ச்சியா என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு நடுவர் வேண்டும், அவர் ரோமாபுரியில் இருக்கிறார். சுற்றி அங்கேதான் வருகிறேன், தெரிகிறது.

நாசரேத்துப் பொண்ணு எழுதியது:

வாத்தியார் ஐயா, குருமடத் தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. ஆறாவது பிரமாணத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். எங்கே காட்டு என்றார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "வாசிக்கலாம் என்றுதானே இருக்கிறது, நம்பச் சொல்லவில்லையே" என்றார். அந்த அளவுக்கு வந்ததே பெரிசு.

ஆனால் இப்போது வேறொரு பக்கம் புகைகிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன், குழந்தையில் தலையில் தெளித்ததெல்லாம் ஞானஸ்நானமே அல்ல, குழந்தைக்குக் கொடுத்ததாக ஒரு வசனம் காட்டுங்கள் என்று அப்பாவிடமே கேட்டிருக்கிறான். அப்பா போனில், "ரெண்டாயிரம் வருஷமாகச் சபையில் உள்ள பாரம்பரியம்டா" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நான் காலை மிதித்தேன்.

ஐயா, அப்பா இங்கே ஒன்று அங்கே ஒன்று பேசுகிறாரா?

பழைய சரித்திர வாத்தியார் எழுதியது:

மகளே, காலை மிதித்தது நல்ல காரியம்.

அப்பா பேசுவதில் முரண்பாடு இருக்கிறது, ஆனால் அது அவர் ஒருவரின் முரண்பாடு இல்லை. வேதம் மட்டும் என்று சொல்கிறவர்களில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு ஜாதி உண்டு. வேதம் மறுப்பதை விட்டுவிடு, மறுக்காத பழக்கத்தை வைத்துக்கொள் என்பது ஒன்று. லூத்தர் அந்த வகை. ஆங்கிலிக்கனும் பெரும்பாலும் அப்படியே. அதனால்தான் உங்கள் சபையில் அங்கி இருக்கிறது, திடப்படுத்தல் இருக்கிறது, லெந்து நாட்கள் இருக்கின்றன. வேதம் சொல்லாததையெல்லாம் விட்டுவிடு என்பது இன்னொன்று. சூரிக் நகரத்தில் ஸ்விங்லி கோயிலிலிருந்து படங்களையும் ஆர்கனையும் வெளியே எடுக்க வைத்தது அந்த அளவுகோலால்.

அதே அளவுகோலை எடுத்து ஸ்விங்லியின் சீடர்களே அவரைக் கேட்டார்கள்: அப்படியானால் குழந்தை ஞானஸ்நானத்துக்கு வசனம் எங்கே? உன் தம்பி கேட்ட அதே கேள்வி. 1525 ஜனவரியில் அவர்கள் ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். நகரசபை பொறுக்கவில்லை. அவர்களில் பேலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கையைக் கட்டி 1527 ஜனவரி 5இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. வேதத்தை மட்டும் வைத்துச் சீர்திருத்தம் செய்த ஊர் அது. ஹுஸுக்கு அழுகிற நாங்கள் மான்ஸுக்கும் அழ வேண்டும்.

லூத்தர் அந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் தெரியுமா? 1528இல் எழுதினார். குழந்தை ஞானஸ்நானம் தப்பு என்றால் கடவுள் இத்தனை நூற்றாண்டு அதைச் சபையில் நீடிக்க விட்டிருக்க மாட்டார், அப்படிப் பெற்றவர்களுக்கு ஆவியைக் கொடுத்திருக்க மாட்டார். வேதத்துக்கு நேர் விரோதம் என்று காட்ட முடியாதவரை அதை மாற்றக் கூடாது. உன் அப்பா போனில் கத்தியது இதுதான். நல்ல லூத்தரன் வாதம்! ஆனால் பந்தியில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் பேசும்போது அவர் சூரிக்காரராகி வசனம் கேட்டார்.

இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை வேதம் மறுக்கிறதா, அல்லது வெறுமனே சொல்லாமல் விட்டிருக்கிறதா? கேட்க வேண்டியது அதைத்தான். மீட்பு கிறிஸ்துவின் புண்ணியத்தால் மட்டுமே என்றிருக்க, காசு கொடுத்துப் பூசை வைத்து ஆத்துமாவை இழுத்து மேலே ஏற்றலாம் என்ற வியாபாரத்தை வேதம் மறுக்கிறது, அதில் லூத்தர் சரி. மாமனாரை நினைத்து ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசுவதை மறுக்கிறது என்று எனக்கு யாரும் இதுவரை காட்டவில்லை. எங்கள் லூத்தரன் விசுவாச ஏடுகளிலேயே, எங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கு லூத்தரின் தோழர் மெலாங்தன் எழுதிய ஆதரவுரையில், இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை நாங்கள் தடை செய்யவில்லை என்று இருக்கிறது. அதை நம் ஊர் லூத்தரன் பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் நம்ப மாட்டார்கள்.

தம்பி விஷயத்தில் ஒன்று மட்டும். கல்யாணமாகி வந்த உன்னை ஆர்.சி. சபை மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லவில்லை, இல்லையா? பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்ததை அவர்கள் செல்லும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தம்பியோடு பேசும்போது அப்பாவும் மாப்பிள்ளையும் ஒரே பக்கம் உட்காரலாம். வசனம் கேட்டால் அப்போஸ்தலர் 16இல் சிறைச்சாலைக்காரன் வீட்டாரோடு பெற்றதைக் காட்டலாம். அந்த வீட்டில் குழந்தை இருந்ததா என்று அவன் திருப்பிக் கேட்பான். கேட்கட்டும்.

நாசரேத்துப் பொண்ணு எழுதியது:

ஆமாம் ஐயா, திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. இதை மறந்தே போனேன். இன்று இரவு போன் பண்ணும்போது சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. அப்பா மக்கபேயரைத் தானே படித்துப் பார்க்க வேண்டுமாம். மதினியிடம் கேட்க வெட்கமாக இருக்கிறதாம், என்னிடம் வாங்கி வரச் சொல்கிறார். எந்தப் புத்தகம் வாங்குவது?

முன்னாள் குருமடத்தான் எழுதியது:

அக்கா, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வாங்குங்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்தது, அதனால் அப்பாவுக்கு அந்நியமாகத் தெரியாது. கடையில் இணைத் திருமுறை நூல்கள் சேர்த்த பதிப்பு என்று கேட்டு, திறந்து பார்த்து வாங்குங்கள். அந்த நூல்களை இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக வைத்திருப்பார்கள், வாத்தியார் ஐயா சொன்ன 1534 லூத்தர் வேதாகமம் மாதிரி.

12ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள், மறுபடி வழக்காடத்தான் தோன்றும். இரண்டாம் நூலில் 7ஆம் அதிகாரம், தாயும் ஏழு பிள்ளைகளும் சாகிற கதை, அதை முதலில் படிக்கட்டும். பிறகு தன் வேதத்தில் எபிரெயர் 11:35ஐப் பார்க்கச் சொல்லுங்கள். மேன்மையான உயிர்த்தெழுதலுக்காக விடுதலை வேண்டாம் என்று வாதிக்கப்பட்டவர்கள் என்று அங்கே யாரைச் சொல்லியிருக்கிறது என்று அவரே தேடட்டும். அவருடைய 66 நூல்களுக்குள் ஆள் கிடைப்பது கஷ்டம்.